மூத்தார் பெயர்

தோக்தோஷ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மிச்சக் கதையை நிம்மதியாகச் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர் கேபெக்கின் கூடப்பிறந்த அண்ணன் பெயர் அது, எனக்கு மூத்தார். சுய் ஆற்றுப் புல்வெளியில் சாகால் எலும்பு என்கிற குலத்தைச் சேர்ந்த அறுபது வீடுகளுக்கும் அவர்தான் சைசன். வரி திரட்டுவது, வழக்குத் தீர்ப்பது, எந்த வீடு எந்தப் பள்ளத்தாக்கில் மேய்ப்பது என்று சொல்வது எல்லாம் அவர் கையில். அவருடைய அப்பா சைசன், தாத்தா சைசன். நாங்கள் வெள்ளை ராஜா என்கிற ருஷ்ய ராஜாவுக்கும் சீனப் பேரரசருக்குமாக ஒரே வருடத்தில் இரண்டு கப்பம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த வீட்டில் முத்திரை இருந்தது. சீனப் பேரரசர் கொடுத்த, உச்சியில் கண்ணாடிக் குமிழ் வைத்த தொப்பி ஒன்றும் இருந்தது. விருந்து என்றால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார். பாதி பூச்சி அரித்திருக்கும், ஆனாலும் எல்லோரும் எழுந்து நிற்போம்.

பத்தொன்பது வருடம் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. கட்டிக்கொண்டு வந்தவள் புருஷன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயர்போல ஒலிக்கிற எதையும் சொல்லக் கூடாது. எங்கள் பேச்சில் குதிரையை 'நில்' என்று சொன்னால் அவர் பெயரில் பாதி வந்துவிடும். அதனால் நான் பத்தொன்பது வருடமும் குதிரையைப் 'போதும், போதும்' என்று சொல்லித்தான் நிறுத்தினேன். குதிரை பழகிக்கொண்டது. தலையை மூடாமல் அவர் எதிரில் போகக் கூடாது, வெறுங்காலோடு நிற்கக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, பட்டுக் கரை வைத்த செகெதெக் என்கிற அந்தக் கையில்லாத நீள அங்கியைக் கழற்றக் கூடாது. எல்லாம் செய்தேன். எல்லாப் பெண்களும் செய்கிறார்கள், நான் மட்டும் என்ன ஒசத்தி.

இன்னொன்றும் உண்டு. எலும்பு என்று நாங்கள் சொல்வது குலத்தை. அது அப்பாவிடமிருந்து வருவது, கல்யாணம் செய்தாலும் மாறாது. ஒரே எலும்புக்குள் பெண் எடுக்கவும் மாட்டோம். ஆகவே சாகால் வீடுகளில் இருக்கிற மருமகள்களில் ஒருத்திகூட சாகால் கிடையாது. நான் இர்கிட். என்றைக்காவது வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னால் போதும், நீ இர்கிட்காரி, எங்கள் எலும்பு விஷயத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறாய் என்பார் மூத்தார். சாப்பாடு போடும்போது மட்டும் நான் அந்த வீட்டுப் பெண்.

சாரி-கோபி என்று ஒரு பள்ளம். எங்கள் வீட்டையும் சேர்த்து எட்டு வீடுகள் குளிர்காலத்தைக் கழிப்பது அங்கேதான். மூன்று பக்கமும் மலை. திறந்திருக்கிற பக்கத்திலிருந்து வருகிற காற்று பனியைத் தங்கவிடாது. மற்ற இடங்களில் இடுப்பளவு பனி இருக்கும்போது அங்கே ஆடுகள் காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பள்ளம் இல்லையென்றால் எட்டு வீட்டு ஆடும் செத்தது, எட்டு வீடும் செத்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் கோடைத் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் மேல் மலைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நான் தனியாகக் கூடாரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மூத்தார் ஒரு தாடிக்கார ருஷ்ய வியாபாரியோடு வந்து உட்கார்ந்தார். மங்கோலியாவில் மாடு வாங்கி வடக்கே ஓட்டிக்கொண்டு போகிற ஆள் அவன். வழியில் குளிர்காலத்தில் மாடுகளை நிறுத்த ஓர் இடம் வேண்டும் அவனுக்கு. நான் உப்பும் பாலும் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுத்து, வறுத்த பார்லி மாவைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, இடது பக்கம் என் மூலையில் உட்கார்ந்தேன்.

என் எதிரிலேயே பேசினார்கள். சாரி-கோபியை ஐந்து குளிர்காலத்துக்கு அவனுக்குக் கொடுப்பது. அவன் ஒரு புதுத் துப்பாக்கியும் செங்கல்போல் இறுக்கின தேயிலை பத்துப் பெட்டியும் தருவது. வியாபாரி காகிதத்தை விரித்ததும் மூத்தார் தன் சைசன் முத்திரையை எடுக்கவில்லை. எழுந்து போய் எங்கள் கூடாரச் சுவரில் தொங்குகிற சூட்டுக்கோலை எடுத்தார். குதிரைகளுக்குச் சாகால் அடையாளம் போடுகிற இரும்பு அது. இளையவர் என்பதால் அதை வைத்துக்கொள்வது என் வீட்டுக்காரர் பொறுப்பு. என் அடுப்புக் கரியையே கொழுப்பில் குழைத்து, அந்த இரும்பில் தடவி, காகிதத்தில் அழுத்தினார். பிறகு துடைத்து மறுபடியும் சுவரிலேயே மாட்டினார்.

போகும்போது யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. மிரட்டக்கூட இல்லை. பால் காய்ச்சுகிற பானைக்கு முன்னால் பேச யாராவது கூச்சப்படுவார்களா? அதுபோல்தான் அவருக்கு நான். இன்றைக்கும் அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அண்ணன் யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார், வேறு இடம் ஏற்பாடு செய்திருப்பார், நீ வாயைக் கட்டிக்கொண்டு இரு என்றார். நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நான் காய்ச்சலில் கிடந்தபோது அவரே பசு கறந்தவர். ஆனால் அண்ணன் என்று வந்துவிட்டால் கல்லுளிமங்கன். எங்களுக்கு ஒரே மகள், உலாகான் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

இலையுதிர்காலத்தில் எட்டு வீடும் சாமான்களைச் சடை எருதுகள்மேல் ஏற்றிக்கொண்டு சாரி-கோபிக்குப் போனோம். பள்ளத்தின் வாயில் மரக்கட்டை வேலி. உள்ளே முந்நூறு மாடு. வேலிக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோடு நான்கு ஆட்கள், கையில் அந்தக் காகிதம். அந்தக் குளிர்காலத்தை நாங்கள் ஆற்றங்கரையில் கழித்தோம். ஆடுகள் பனியைத் தோண்டித் தோண்டிக் குளம்பு பிளந்து செத்தன. பசங்க இருந்த வீடுகளில் ஏப்ரல் மாதம் தோலை வேகவைத்துக் குடித்தார்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எட்டு வீட்டாரும் சேர்ந்து அதிகாரிக்கு மனுப் போட்டார்கள். அடுத்த கோடையில் ஒரு ருஷ்ய அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளன், இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஆற்றோரம் மேசை போட்டு, மொத்த சாகால் ஆண்களையும் சுற்றி உட்காரவைத்தார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் நின்றோம். வியாபாரி வரவில்லை, மங்கோலியாவில் மாடு வாங்கிக்கொண்டிருந்தான். அதிகாரி காகிதத்தைத் தூக்கிக் காட்டி, இந்த அடையாளத்தைப் போட்டது யார் என்று கேட்டார்.

மூத்தார் நிதானமாக எழுந்தார். அந்தச் சமயத்தில் தான் எல்லைக்கு அப்பால் குதிரை வாங்கப் போயிருந்ததாகச் சொன்னார். சூட்டுக்கோல் தம்பி கேபெக் வீட்டில்தான் தொங்குகிறது, போய்ப் பார்க்கலாம் என்றார். தம்பி இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை, குடும்ப மானம் போயிற்று என்று குரலைக்கூட நடுங்கவைத்துக்கொண்டார். கூசாமல் பழியைத் தூக்கித் தம்பி தலையில் கட்டினார்.

அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அறுபது வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

என் காதில் விழுந்தது உண்மைதானா என்று பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிப்பாய்கள் மயிர்க் கயிற்றால் அவர் கையைக் கட்டினார்கள். மறுநாள் காலை பீஸ்க் சிறைக்குக் கொண்டுபோவதாக மொழிபெயர்ப்பாளன் சொன்னான். எத்தனை வருடம் என்று யாரோ கேட்டார்கள். மலைக்காரர்கள் அங்கே இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிகம், வருடக் கணக்கு எதற்கு என்றான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான் ஆண்களைத் தாண்டி முன்னால் போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. யாரோ அங்கியைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரியும். நான் பார்த்தேன், சொல்ல வேண்டும் என்றேன். மொழிபெயர்ப்பாளன் அதை அதிகாரிக்குச் சொன்னான். அதிகாரி, வாயால் சொல்வது போதாது, உங்கள் வழக்கப்படி சத்தியம் செய்தால் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அங்கேதான் விஷயமே. எங்கள் சத்தியம் துப்பாக்கியின் வாயில் நாக்கை வைத்துச் செய்வது. பொய் சொன்னவனை அந்தத் துப்பாக்கி ஒருநாள் தின்னும். அதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அது செல்ல வேண்டுமென்றால், சொல்கிறவள் தன் எலும்பையும் பெயரையும் சொல்ல வேண்டும், யார்மேல் சொல்கிறாளோ அவருடைய எலும்பையும் பெயரையும் சொல்ல வேண்டும். சைசன் என்றோ பெரியவர் என்றோ சுற்றி வளைத்துச் சொன்னால் செல்லாது. கூட்டத்தில் வயதில் மூத்த ஓரோய் எழுந்து இதைத்தான் சொன்னார். என் நன்மைக்குத்தான் சொல்கிறாராம். அம்மா, உன்னால் முடியாது, போய் நில் என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. சைசனுக்கு எதிராகச் சத்தியம் செய்ய யாரால் முடியும்? சாகால் ஆண்கள் அவர் எலும்பு, தங்கள் எலும்புக்கு எதிராகச் சொல்ல மாட்டார்கள். வந்த பெண்கள் நாங்கள் பெயரைச் சொல்லக் கூடாது. பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், பாதிப் பேர் சொல்லக் கூடாது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் முத்திரை தங்கியிருந்ததற்கு இதைவிட வேறு காவல் எதற்கு?

மூத்தாருக்கும் இது தெரியும். அதனால்தான் என் எதிரிலேயே அந்த இரும்பை எடுத்தார். இப்போது சிரித்துக்கொண்டே தன் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி ஓரோயிடம் கொடுத்தார். வியாபாரி கொடுத்த அதே புதுத் துப்பாக்கி.

"இதையே வெச்சுக்கங்க. எங்க வீட்டு மருமக மானம் தெரிஞ்சவ. சொல்ல மாட்டா."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கயிற்றோடு நின்ற என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அவரைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியமே வந்தது, அவ்வளவு கோபம்.

"பத்தொம்போது வருஷமா நீ எங்க எலும்பு இல்லன்னு சொன்னீங்க" என்றேன். "நானும் கேட்டுக்கிட்டேன். இப்ப எலும்பு இல்லாதவ எதுக்கு உங்க பேரைக் காப்பாத்தணும்? அதையும் உங்க எலும்புக்காரங்களே பாத்துக்கட்டும்."

ஓரோய் கையிலிருந்த துப்பாக்கியின் வாயில் நாக்கை வைத்தேன். இரும்பு வெயிலில் சுட்டது.

"இர்கிட் எலும்பு கூமுஷ் சொல்றேன். சாகால் எலும்பு தோக்தோஷ், என் வீட்டுல, என் கண்ணு முன்னால, அந்த இரும்ப எடுத்து இந்தக் காகிதத்துல வெச்சார். பொய்னா இது என்னைத் தின்னட்டும்."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெயரைச் சொன்னதற்கு ஏன் எல்லோர் முகமும் செத்துப்போனது என்று மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார். நானோ நின்றுகொண்டிருந்தேன். வானம் இடிந்து விழவில்லை.

மறுப்பதாக இருந்தால் மூத்தாரும் அதே குழாயில் நாக்கை வைத்து என் பெயரைச் சொல்லி மறுக்க வேண்டும். அதுதான் முறை. ஓரோய் துப்பாக்கியை அவர் பக்கம் நீட்டினார். மூத்தார் இரண்டடி வந்தார். குழாயைக் கையில் பிடித்தார். ருஷ்யக் காகிதத்தில் பத்துப் பொய் எழுதக் கூசாத மனிதர். இந்த இரும்புவரை குனிந்தவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். கையையும் எடுத்தார். ஒரு மருமகளுக்கு எதிராக நின்று சத்தியம் செய்கிற அளவுக்குத் தான் தாழ்ந்துவிடவில்லை என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். வியாபாரியின் காகிதம் செல்லாது, ஆட்கள் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். சைசன் என்பதால் சிறை இல்லை, தோக்தோஷிடமிருந்து முத்திரையை மட்டும் வாங்கி மேசையில் வைத்தார். மூன்று நாளில் உங்கள் வழக்கப்படி வேறு சைசனைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் ஒருவரை வைப்பேன் என்று சொல்லிவிட்டு, ஆற்றின் கீழ்ப்பக்கம் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்.

எங்கள் வழக்கம் என்ன? ரத்தம். தோக்தோஷுக்கு மூன்றும் பெண்கள். அடுத்து யார்? கேபெக். என் கேபெக். மூன்று நாளும் ஓரோயும் மற்றவர்களும் ஒரு கூடாரத்தில் பேசினார்கள், குடித்தார்கள், மறுபடியும் பேசினார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்கே வரவில்லை. கட்டு இறுக்கின இடத்தில் பூச நான் வெண்ணெய் எடுத்து வைத்திருந்தேன். அது கிண்ணத்திலேயே உருகிக் கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். அவர் அடுப்புக்கு மேல்புறம், பெரியவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். முத்திரை மடியில் இருந்தது. எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஓரோய்தான் ஆரம்பித்தார். புது சைசன் தீர்க்க வேண்டிய முதல் வழக்கு ஒன்று இருக்கிறதாம். தோக்தோஷ் முறையிட்டிருக்கிறாராம். தான் செய்தது தப்பாகவே இருக்கட்டும், முத்திரை போயிற்று, அதோடு சரி. ஆனால் தம்பி பெண்டாட்டி அறுபது வீட்டுக்கு முன்னால் பெயரைச் சொல்லியிருக்கிறாள். இதை விட்டால் நாளைக்கு எல்லாப் பெண்களும் எல்லாப் பெயரையும் சொல்வார்கள். தீர்ப்புச் சொன்னால்தான் முத்திரை கேபெக்குக்கு என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பூசி மெழுகிச் சொன்னார், ஆனால் சொன்னது இதுதான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியுமா? அந்த நேரத்தில் ஒரு பசுவைக் கறந்துவிடலாம். அந்த நேரத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

"அண்ணன் அடுப்புக்கு முன்னால ஒரு கிண்ணம் பால் சாராயம் வெச்சு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார் கடைசியில். "இல்லன்னா செகெதெக்கைக் கழட்டி வெச்சிட்டு, உங்க எலும்புக்குத் திரும்பிப் போகணும்."

"நான் சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் எதைத் தப்புன்னு சொல்றது?"

அவர் வாய்க்குள்ளேயே, பேரு, என்றார்.

"அந்தப் பேரை நான் சொல்லலன்னா உங்க கையில இப்ப கயிறு இருக்கும். முத்திரை இருக்காது."

யாரோ, சைசனிடம் இப்படியா பேசுவது என்றார்கள். நேற்றைக்கு முந்தின நாள் இதே சைசன் கயிற்றோடு நின்றபோது இந்த வாய்களெல்லாம் எங்கே போயிருந்தன? நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்கலாம் என்று வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது. அவரைப் பார்த்து மட்டும் சொன்னேன்:

"தீர்ப்பைக் கேட்டுக்கிட்டேன். என் பதிலையும் கேட்டுக்கங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். இதைக் கழட்டவும் மாட்டேன், என் அம்மா வீட்டுப் பட்டு, நான் தெச்சது. ஊரை விட்டுப் போகவும் மாட்டேன். முடிஞ்சா தூக்கிக்கிட்டுப் போய்ப் போடுங்க."

முறைப்படி பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வர வேண்டும். அன்றைக்குத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் மூச்சை இழுப்பது கேட்டது.

அன்றே என் சீதனமாக வந்த கம்பளித் தடுக்குகளை, கூடாரக் கழிகளை, பானைகளை இரண்டு சடை எருதுகள்மேல் ஏற்றினேன். யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நேராகச் சாரி-கோபிக்குப் போனேன். கோடைக்காலம், ஈ காக்காய் இல்லை அங்கே. பிடுங்கிப்போட்ட வேலியின் குழிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. பள்ளத்தின் வாயிலேயே, உள்ளே போகிறவர்கள் எல்லோரும் கடந்துதான் ஆக வேண்டிய இடத்தில், தனியாகக் கூடாரம் போட்டேன். ஒரு பெண் தனியாகக் கூடாரம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு முறை என் தலைமேலேயே சரிந்தது. கெட்ட வார்த்தைகள் எல்லாம் சொன்னேன். மூன்றாவது முறை நின்றது.

ஓரோய் ஒருநாள் குதிரையில் வந்து, இது சாகால் நிலம், இர்கிட்காரி இங்கே எப்படி இருக்கலாம் என்று கேட்டார். மறுபடியும் சாகால் நிலம் ஆனது யாரால் என்று கேட்டேன். கூடாரத்தைப் பிரிக்க ஆள் அனுப்புவேன் என்றார். அனுப்புங்கள், வருகிறவனுடைய அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன் என்றேன். ஆள் வரவில்லை.

இலையுதிர்காலத்தில் எட்டு வீட்டாரும் வந்தார்கள். என் கூடாரத்தைத் தாண்டும்போது ஆண்கள் மலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முதலில் வந்தது என் ஓரகத்தி, தோக்தோஷ் பெண்டாட்டி. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் ஆட்டு இரைப்பையில் அடைத்த வெண்ணெயைக் கொண்டுவந்து வைத்தாள். தன் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை, நாய்க்குக்கூட அவர் சொல் மதிப்பில்லை என்றாள். எனக்காக வருத்தப்படுகிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அந்தப் பேரைச் சொன்னப்ப நாக்கு எப்பிடி இருந்துச்சு?"

"எப்பவும்போலத்தான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

பிறகு இரண்டு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்தார். வெளியே குதிரையைக் கட்டும் சத்தம் கேட்டது. செருமினார். உள்ளே வந்து, சைசனுக்கான மேல்புற இடத்துக்குப் போகாமல் கதவோரமே உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அங்கியில் கை தையல் விட்டிருந்தது, யாரும் தைத்துக் கொடுக்கவில்லை. இந்த மனிதருக்காகத்தான் இரும்பை நக்கினேன், மறுபடியும் அப்படியொரு நாள் வந்தால் மறுபடியும் நக்குவேன் என்று தோன்றியது. தேநீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

ஊர் விஷயம் பேசினார். புல் நன்றாக இருக்கிறதாம், இந்த வருடம் ஆடு தப்பிக்குமாம். எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்களாம். நீ இல்லாத வீடு வீடாக இல்லை என்றும் சொன்னார், அதைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நானும் இரங்கிவிடுவேன்போலத்தான் இருந்தது. பிறகு அடுத்ததைச் சொன்னார்.

"இங்க யாரும் இல்ல. என்கிட்ட மட்டும், ஒரே ஒரு தடவை, தப்புன்னு சொல்லிடு. நீ சொல்லிட்டன்னு நான் போய்ச் சொல்லிக்கறேன். வீட்டுக்கு வந்துடலாம்."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரை 'என்னங்க' என்பதற்குமேல் நான் எதுவும் கூப்பிட்டதில்லை. கோபத்தில்கூட இல்லை, பிரசவ வலியில்கூட இல்லை.

"டீத்தண்ணி ஆறுது, கேபெக்" என்றேன். "குடிச்சிட்டுக் கிளம்பு."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார், வெளியே யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. அந்தப் பார்வையோடு எனக்குள் மிச்சமிருந்ததும் விட்டுப்போனது.

கேட்கட்டும் என்று இன்னொரு முறை, பக்கத்துக் கூடாரம்வரை போகும்படி, சொன்னேன்.